உலகச் சாம்பியனை வென்றாலும் 7.4 புள்ளிதான்: செஸ் ரேட்டிங்கும் கிராண்ட்மாஸ்டர் பட்டமும்

2021 ஜனவரி. நெதர்லாந்தில் வெய்க் ஆன் ஸே என்ற கடலோரச் சிற்றூர். வழக்கமாக நூற்றுக்கணக்கான அமெச்சூர்கள் ஆடி, இடையிடையே பட்டாணி சூப் குடித்து, ஊரே திருவிழாக் கோலத்தில் இருக்கும் நேரம். கொரோனாவால் அந்த ஆண்டு அரங்கில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. எட்டாவது சுற்றில் வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருந்தவர் 18 வயது ரஷ்யர் ஆந்த்ரே எசிபென்கோ. எதிரே அன்றைய உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன். பையன் கொஞ்சமும் பயப்படாமல் தாக்கி ஆடினான். கார்ல்சன் தோற்றார்.

என் அக்கா மகள் செஸ் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருந்தேன். மறுநாள் காலை அங்கே இரண்டு கேள்விகள் வந்தன. "உலகச் சாம்பியனையே ஜெயிச்சிருக்கான், ரேட்டிங் ஒரே நாள்ல நூறு ஏறியிருக்குமே?" என்றார் ஒருவர். "இதோட கிராண்ட்மாஸ்டர் ஆயிடுவான்ல?" என்றார் இன்னொருவர்.

இரண்டுக்குமே இல்லை என்பதுதான் பதில். எசிபென்கோ 2018-லேயே கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். அந்த வெற்றியால் அவர் ரேட்டிங் ஏறியது நூறல்ல, 7.4. ஏழு புள்ளி நான்கு!

"இவ்வளவுதானா?" என்று குழுவே சோர்ந்துபோனது. அந்த ஏமாற்றத்துக்குக் காரணம், ரேட்டிங்கைப் பரீட்சை மார்க் போலவும் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பதவி உயர்வு போலவும் நாம் நினைத்துக்கொள்வது. இரண்டுமே அப்படி இல்லை. எசிபென்கோவின் ஆட்ட வாழ்க்கையையே வைத்து இதைப் பார்ப்போம். கணக்கு என்று பயப்பட வேண்டாம், கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

டீக்கடை மாஸ்டரின் கணக்கு

ஒரு டீக்கடை. மாஸ்டர் தினமும் சாயங்காலம் எத்தனை வடை சுடுவது என்று ஒரு கணக்கு வைத்திருப்பார். இன்றைக்கு 100 போகும் என்று நினைத்துச் சுடுகிறார். 100-ம் போய்விட்டால் அவர் கணக்கு சரி, நாளைக்கும் அதே 100. நாலரை மணிக்கே தீர்ந்துபோய், ஆட்கள் திரும்பிப் போனால், நாளைக்குக் கொஞ்சம் கூட்டுவார். முப்பது வடை மிஞ்சினால் குறைப்பார்.

மாஸ்டர் மனதில் இருக்கும் அந்த 100 யாரும் அவருக்குக் கொடுத்த பரிசு இல்லை. அது ஓர் ஊகம். நடந்ததைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே வரும் ஊகம்.

செஸ் ரேட்டிங்கும் இதுவேதான். ஒருவர் எவ்வளவு பலமானவர் என்று இன்றைய தேதியில் நமக்குத் தெரிந்த அளவில் போட்ட மதிப்பீடு, எண் வடிவில். எதிர்பார்த்தபடியே ஆடினால் எண் நகராது. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும். சேமிப்புக் கணக்கில் பணம் போடுவது மாதிரி வெற்றிகளைச் சேர்த்துக்கொண்டே போவது அல்ல.

இந்த முறையை உருவாக்கியவர் அர்பாத் எலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், நல்ல செஸ் ஆட்டக்காரரும்கூட. அமெரிக்க செஸ் கூட்டமைப்பு இதை 1960-இல் ஏற்றது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றது. எலோ என்பதை ஏதோ மூன்றெழுத்துச் சுருக்கம் என்று நினைத்து விரிவாக்கம் தேடுபவர்களை இன்றும் பார்க்கிறேன். அது அந்த மனிதரின் பெயர், அவ்வளவுதான்.

7.4 எப்படி வந்தது

சொற்களில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது, அதை முதலில் தீர்த்துவிடலாம். ஆட்டத்தில் வென்றால் 1, டிரா என்றால் அரை, தோற்றால் 0. இதைப் 'பாயிண்ட்' என்று சொல்கிறேன். ரேட்டிங்கில் கூடுவதையும் குறைவதையும் 'புள்ளி' என்கிறேன். இரண்டையும் ஒரே பெயரால் சொல்லித்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள்.

எலோ முறைக்குத் தேவையானது இரண்டு பேரின் ரேட்டிங்குக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டும். இருவரும் சமம் என்றால் ஆளுக்கு 0.50 பாயிண்ட் எதிர்பார்க்கப்படும். 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவருக்கு 0.64. 200 என்றால் 0.76. 400 என்றால் 0.92. இதற்கு 'எதிர்பார்ப்பு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். 0.64 என்றால் 'இன்று 64 சதவீத வெற்றி வாய்ப்பு' என்று பொருள் கொள்ளக் கூடாது. இதே இருவர் நூறு ஆட்டம் ஆடினால், டிராக்களையும் சேர்த்து மேலே இருப்பவர் 64 பாயிண்ட் எடுப்பார் என்பதே பொருள்.

இப்போது வெய்க் ஆன் ஸேக்குத் திரும்புவோம். அன்று கார்ல்சன் 2862, எசிபென்கோ 2677. வித்தியாசம் 185. இந்த வித்தியாசத்துக்குக் கீழே இருப்பவரின் எதிர்பார்ப்பு 0.26. அவர் எடுத்ததோ 1. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தது 0.74. இதை 10-ஆல் பெருக்கினால் 7.4. கார்ல்சனிடமிருந்து அதே 7.4 கழிந்தது.

ஏன் 10? அதற்குப் பிறகு வருகிறேன். டீக்கடை மாஸ்டர் ஒரு நாள் வியாபாரத்தை வைத்து எவ்வளவு கூட்டிக் குறைப்பார் என்பதுதான் அந்த எண் என்று மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எசிபென்கோ தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 0.26 எதிர்பார்த்து 0 வந்திருக்கும், 2.6 போயிருக்கும். டிரா செய்திருந்தால் 2.4 ஏறியிருக்கும். அதாவது பலமானவரோடு டிரா செய்வதே லாபம். மறுபக்கம், தன்னைவிட 50 புள்ளி குறைந்தவரோடு டிரா செய்தால் 0.7 நஷ்டம். "தோக்கவே இல்லையே, அப்புறம் ஏன் ரேட்டிங் குறைஞ்சுது?" என்று கேட்கும் பெற்றோருக்கு இதுதான் பதில்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ரேட்டிங் ஒரு முன்கணிப்பு, இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் எதிர்பார்ப்பைச் சொல்லும், நடந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள இடைவெளிதான் ரேட்டிங்கை நகர்த்தும்.

ஒரு ஆட்டம் அல்ல, பதின்மூன்று

செய்தித்தாள்களுக்குக் கார்ல்சனை வென்ற ஆட்டம் போதும். எனக்கென்னவோ அந்தப் போட்டியின் மற்ற பன்னிரண்டு ஆட்டங்கள்தான் பெரிய விஷயமாகத் தெரிகின்றன. எசிபென்கோ 13 ஆட்டங்களில் 3 வெற்றி, 10 டிரா, ஒரு தோல்விகூட இல்லை. மொத்தம் 8 பாயிண்ட். போட்டியை வென்ற ஜோர்டன் வான் ஃபோரீஸ்டும், அவரோடு சமமாக முடித்த அனிஷ் கிரியும் எடுத்தது 8.5. எசிபென்கோவுக்கு மூன்றாம் இடம். கார்ல்சன் எடுத்தது 7.5.

எதிராளிகளின் சராசரி ரேட்டிங் ஏறக்குறைய 2730. அதாவது எசிபென்கோவைவிட ஐம்பது புள்ளி கூடுதல். கணக்குப்படி அவரிடம் எதிர்பார்த்தது 13-க்கு ஐந்தரையை ஒட்டிய பாயிண்ட். எடுத்தது 8. கூடுதலாக வந்தது 2.4. பத்தால் பெருக்கினால் 24. 2677-உம் 24-உம் 2701.

பாருங்கள், உலகச் சாம்பியனை வென்றதில் வந்தது 7.4. மீதி 16-க்கும் மேல் வந்தது வேறு இரண்டு வெற்றிகளிலும், யாரும் தலைப்புச் செய்தி போடாத பத்து டிராக்களிலும். பலமானவர்களின் எதிரே உட்கார்ந்து தோற்காமல் எழுந்து வருவதற்கு ரேட்டிங் கணக்கில் நல்ல விலை உண்டு.

என் அக்கா மகளுக்கு மட்டும் ஏன் 30?

சரி, அந்தப் பத்துக்கு வருவோம். இதற்கு ஆங்கில எழுத்தின் பெயரால் 'கே' என்று பெயர். ஒரு ஆட்டத்தின் முடிவை எவ்வளவு கனமாக எடுத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் எண் அது.

புதிதாகத் திறந்த டீக்கடையில் மாஸ்டருக்கு ஒன்றும் தெரியாது. முதல் நாள் 50 சுட்டு அரைமணி நேரத்தில் தீர்ந்தால், மறுநாள் 90-க்குத் தாவுவார். இருபது வருடக் கடையில் ஒரு நாள் சீக்கிரம் தீர்ந்தால் மாஸ்டர் அசர மாட்டார். பக்கத்தில் ஏதோ கல்யாணம் என்று நினைத்து ஐந்து கூட்டுவார்.

ஃபிடேயும் அப்படியே. புதிதாக வந்தவருக்கு முதல் 30 ஆட்டங்கள் முடியும்வரை கே 40. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, ரேட்டிங் 2300-க்குக் கீழே இருக்கும்வரை, அதே 40. குழந்தைகள் மாதாமாதம் வளர்கிறார்கள், பழைய மதிப்பீடு சீக்கிரம் பழசாகிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. மற்றவர்களுக்கு 20. ஒரு முறை 2400-ஐத் தொட்டுவிட்டால் 10, அப்புறம் கீழே இறங்கினாலும் அதே 10.

அதனால்தான் என் அக்கா மகள் தன்னைவிட 185 புள்ளி கூடுதலான ஒரு மாமாவை உள்ளூர்ப் போட்டியில் வென்றபோது அவளுக்கு 29.6 ஏறியது. கார்ல்சனை வென்ற எசிபென்கோவுக்கு ஏறியதைப் போல நான்கு மடங்கு. அவள் இதை இன்றுவரை வீட்டில் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

தோற்றாலும் இதே வேகம்தான் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. வார இறுதிப் போட்டி ஒன்றில் அவள் நூற்றுச் சொச்சம் புள்ளியை இழந்து வந்தபோது, வீட்டில் ஏதோ துக்கம் நடந்தது போல இருந்தது. கே 40 என்றால் எண் அப்படித்தான் ஊஞ்சலாடும்.

ரேட்டிங் சம்பாதித்து வைத்த சொத்தல்ல என்பதற்கு நல்ல சாட்சி 2024 மார்ச்சில் நடந்தது. கீழ்மட்ட ரேட்டிங்குகள் உண்மையான பலத்தைவிடக் குறைவாகக் காட்டுகின்றன என்று முடிவுசெய்த ஃபிடே, 2000-க்குக் கீழே இருந்த எல்லாருக்கும், 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டிக் கொடுத்தது. 1100-இல் இருந்த குழந்தை ஒரு ஆட்டமும் ஆடாமல் ஒரே இரவில் 1460 ஆனது. மார்க் என்றால் இப்படிச் செய்ய முடியுமா? ஊகம் என்பதால்தான் திருத்த முடிகிறது.

கிராண்ட்மாஸ்டர்: ஏறி இறங்காத ஒன்று

ரேட்டிங் மாதாமாதம் மாறும் வானிலை என்றால், கிராண்ட்மாஸ்டர் என்பது வாங்கிய டிகிரி. ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் உண்டு. பிறகு ரேட்டிங் 2300-க்கு இறங்கினாலும் யாரும் பிடுங்க மாட்டார்கள். எழுபது வயதில் பேரனிடம் தோற்கும் கிராண்ட்மாஸ்டரும் கிராண்ட்மாஸ்டர்தான்.

1950-இல் ஃபிடே முதன்முதலாக இந்தப் பட்டத்தை அதிகாரபூர்வமாகக் கொடுத்தபோது வாங்கியவர்கள் 27 பேர். இன்று இரண்டாயிரத்தை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள் என்று பேசும் அளவுக்குப் பெருகிவிட்டது.

டிகிரி வாங்க இரண்டு விஷயம் வேண்டும். முதலாவது, ரேட்டிங் ஒரு முறையாவது 2500-ஐத் தொட வேண்டும். இரண்டாவது, நார்ம்.

நார்ம் என்பது பலமான ஒரு போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடியதற்கான சான்று. குறைந்தது 9 ஆட்டம். எதிராளிகளில் மூன்றில் ஒரு பங்கினர் கிராண்ட்மாஸ்டர்கள். வேறு நாட்டவர்களும் இருக்க வேண்டும். அந்தப் போட்டியில் மட்டும் பார்த்தால் 2600 ரேட்டிங்காரர் ஆடியது போல ஆடியிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு 'பெர்ஃபார்மன்ஸ் ரேட்டிங்' என்று பெயர். எல்லா நார்ம்களையும் கூட்டினால் 27 ஆட்டங்கள் வர வேண்டும் என்பதால் பெரும்பாலோருக்கு மூன்று நார்ம் ஆகும். நம் ஊர்ப் பிள்ளைகள் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு ஹங்கேரி, செர்பியா என்று அலைவது இதற்காகத்தான். கிராண்ட்மாஸ்டர்களும் வெளிநாட்டவரும் போதுமான அளவில் ஒரே போட்டியில் கிடைப்பது லேசில்லை.

எசிபென்கோ இதை எப்படிக் கடந்தார்? 2002 மார்ச்சில் தெற்கு ரஷ்யாவில், ரஸ்தோவ் பகுதியைச் சேர்ந்த நோவோசெர்காஸ்க் நகரில் பிறந்தவர். 2012-இல் 10 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியச் சாம்பியன். 2017-இல் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஐரோப்பியப் பட்டத்தையும் உலகப் பட்டத்தையும் ஒரே ஆண்டில் எடுத்தார். உலகப் போட்டி நடந்தது உருகுவேயின் மாண்டிவிடியோவில். அடுத்த ஆண்டு, 2018-இல், கிராண்ட்மாஸ்டர்.

"பதினாறு வயசா? லேட்டாச்சே"

இந்த இடத்தில் சென்னைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பிரக்ஞானந்தா 12 வருடம் 10 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். குகேஷ் 12 வருடம் 7 மாதம் 17 நாளில். மிக இளம் வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் என்று செர்கேய் கர்யாகின் 2002-இல் வைத்த சாதனையை குகேஷ் 17 நாள் வித்தியாசத்தில் தவறவிட்டார். (கர்யாகின் அந்தச் சாதனையை வைத்தபோது உக்ரைன்காரர், ரஷ்யாவுக்கு மாறியது 2009-இல்.) அந்தச் சாதனையை 2021-இல் அமெரிக்கச் சிறுவன் அபிமன்யு மிஸ்ரா முறியடித்தான்.

இந்தக் கணக்கில் பதினாறு வயது தாமதம்தான். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். போரிஸ் ஸ்பாஸ்கி 1955-இல் 18 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது உலகமே வியந்தது. அனடோலி கார்போவ் 19 வயதில், 1970-இல். கேரி காஸ்பரோவ் 17 வயதில், 1980-இல். மூவருமே உலகச் சாம்பியன் ஆனவர்கள். இன்றைய குழந்தை காஸ்பரோவைவிடக் கெட்டிக்காரி என்பதாலா பட்டம் சீக்கிரம் கிடைக்கிறது? கணினியும் இணையமும் வந்தன, போட்டிகள் பெருகின, 2500-ஐத் தாண்டியவர்களும் கிராண்ட்மாஸ்டர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். டிகிரி வாங்கும் வயது குறைந்துவிட்டது. அதை வைத்து அதற்குப் பிந்தைய இருபது வருடத்தைக் கணிக்க முடியாது.

பட்டம் வாங்கிய வயதை மட்டும் பட்டியல் போட்டுப் பிள்ளைகளை ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காத வேலை. 2500-ஐ ஒரு முறை தொடுவதற்கும் 2700-இல் நிற்பதற்கும் நடுவே இருக்கும் 200 புள்ளியில் பெரும்பாலான கிராண்ட்மாஸ்டர்களின் வாழ்க்கையே முடிந்துபோகிறது.

2700: பட்டமில்லாத பட்டம்

'சூப்பர் கிராண்ட்மாஸ்டர்' என்று எழுதுகிறார்கள். அப்படி ஒரு பட்டம் ஃபிடேயிடம் கிடையாது. 2700-ஐத் தாண்டியவர்களை ஆட்டக்காரர்களும் பத்திரிகைகளும் அப்படி அழைக்கிறார்கள், அவ்வளவே.

ஆனால் அந்தக் கோட்டுக்கு உண்மையான பலன் உண்டு. வெய்க் ஆன் ஸே போன்ற பெரிய போட்டிகள் அழைப்பின் பேரில் நடப்பவை. அழைப்பவர்கள் முதலில் பார்ப்பது பட்டியலைத்தான். மேலே இருப்பவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடுகிறார்கள். 2730-காரரும் 2750-காரரும் ஆடினால் யார் வென்றாலும் தோற்றாலும் ரேட்டிங் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். வெளியே இருப்பவர், யாரும் சேரக்கூடிய திறந்தநிலைப் போட்டிகளில் 2450-காரர்களோடு ஆட வேண்டும். நான்கு ஆட்டத்தில் மூன்று பாயிண்டாவது எடுத்தால்தான் கணக்குச் சரியாகும், ஒன்றில் சறுக்கினால் ஒரு வார உழைப்பு போச்சு. எசிபென்கோவுக்கு 18 வயதில் வெய்க் ஆன் ஸே அழைப்பு கிடைத்ததை நான் பெரிதாகச் சொல்வது இதனால்தான். கதவு திறந்தது, உள்ளே போனவர் 24 புள்ளியோடு வெளியே வந்தார்.

உள்ளே போனவர்கள் அங்கேயே இருப்பார்கள் என்றும் இல்லை. எசிபென்கோவின் ரேட்டிங்கே 2700-க்கு மேல் போய், பிறகு கீழே இறங்கி, அந்தக் கோட்டைச் சுற்றியே பல காலமாக உலாவுகிறது. ஊகம் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

ஒரே ஆளுக்கு மூன்று எண்கள்

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஃபிடே மூன்று தனித்தனி ரேட்டிங் வைத்திருக்கிறது. ஒரு ஆட்டம் நான்கைந்து மணி நேரம் போகும் கிளாசிக்கலுக்கு ஒன்று. ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் தரும் ரேபிடுக்கு ஒன்று. மூன்று, ஐந்து நிமிட பிளிட்ஸுக்கு ஒன்று. டெஸ்ட், ஒரு நாள், இருபது ஓவர் மாதிரி. இதுவரை நான் சொன்ன எண்கள் எல்லாம் கிளாசிக்கல்.

இதற்கும் ஒரு ரஷ்ய உதாரணம் கைவசம் இருக்கிறது. 2024 டிசம்பரில் நியூயார்க்கில் உலக ரேபிட் சாம்பியன்ஷிப். தரவரிசையில் 59-ஆவது ஆளாக உள்ளே வந்த 18 வயது வலதார் முர்சின், 13 சுற்றில் ஒன்றில்கூடத் தோற்காமல் 10 பாயிண்ட் எடுத்துச் சாம்பியன் ஆனார். 2018-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இதே பட்டத்தை வென்றவரும் ரஷ்யர்தான், தானில் துபோவ். துபோவ் கிளாசிக்கலில் முதல் பத்துக்குள் வந்தவரில்லை. ஆனால் அவருடைய யோசனைகளுக்காகக் கார்ல்சனே இரண்டு உலகச் சாம்பியன்ஷிப்புக்குத் தயாராகும்போது அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். 2021-இல் கார்ல்சனின் எதிராளி நெபோம்னியாஷி ரஷ்யர் என்பதால் துபோவ் சொந்த நாட்டில் நிறையத் திட்டு வாங்கினார். யோசனை வளத்தை அளக்க எலோவிடம் கருவி இல்லை.

சுருக்கமாக: ரேட்டிங் மாறிக்கொண்டே இருக்கும் மதிப்பீடு, அதிலும் மூன்று வகை, கிராண்ட்மாஸ்டர் ஒரு முறை வாங்கும் ஆயுள் பட்டம், 2700 அழைப்புகளின் எல்லைக்கோடு.

கொடி மாறினாலும் எண் மாறாது

2022-இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு ரஷ்ய ஆட்டக்காரர்கள் சர்வதேசப் போட்டிகளில் தங்கள் நாட்டுக் கொடியோடு ஆட முடியாமல் போனது. தனிநபர்களாக, ஃபிடேயின் கொடியின் கீழ் ஆட முடிந்தது. சிலர் நாடே மாறினார்கள்: விளாதிமிர் ஃபெதசேயேவ் ஸ்லோவேனியாவுக்கு, அலெக்சேய் சரானா செர்பியாவுக்கு, முன்னாள் பெண்கள் உலகச் சாம்பியன் அலெக்சாண்ட்ரா கோஸ்தெனியுக் ஸ்விட்சர்லாந்துக்கு. எசிபென்கோ ஃபிடே கொடியின் கீழ் ஆடினார். ரேட்டிங்குக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அது ஆளோடு போகும், நாட்டோடு அல்ல.

கோவாவில் நடந்தது

2025 நவம்பரில் உலகக் கோப்பை கோவாவில் நடந்தது. 206 பேர் கலந்துகொண்ட நாக்-அவுட் போட்டி, தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வெற்றிக் கோப்பைக்கு விஸ்வநாதன் ஆனந்த் பெயர். முதல் மூன்று இடத்துக்குள் வருபவர்களுக்கு, உலகச் சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம்.

முன்கணிப்பு வாக்குறுதி அல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. முதல் தரவரிசையில் இருந்த உலகச் சாம்பியன் குகேஷ் மூன்றாவது சுற்றில் ஜெர்மனியின் ஃபிரெடெரிக் ஸ்வானேயிடம் தோற்றார். பிரக்ஞானந்தாவை நான்காவது சுற்றில் வெளியேற்றியவர் மேலே சொன்ன அதே துபோவ். 0.64 எதிர்பார்ப்பு என்பது நூறு ஆட்டத்துக்கான பேச்சு. நாக்-அவுட்டில் கையில் இருப்பது இரண்டே இரண்டு கிளாசிக்கல் ஆட்டம். டீக்கடையில் மழை நாளை வைத்து மாஸ்டரின் இருபது வருடக் கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அன்றைக்கு வடை மிஞ்சியது மிஞ்சியதுதான்.

எசிபென்கோ அரையிறுதி வரை வந்து, சீனாவின் வெய் யியிடம் தோற்று, பிறகு மூன்றாம் இடத்துக்கான மோதலில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் யாகுபோயேவை வென்றார். கோப்பையை எடுத்தவர் இன்னொரு உஸ்பெக் இளைஞர் ஜவோகிர் சிந்தரோவ்.

இங்கே ஒரு விசித்திரம். உலகக் கோப்பையில் இரண்டு கிளாசிக்கல் ஆட்டமும் சமமாக முடிந்தால், மறுநாள் ரேபிட் ஆட்டங்களில் முடிவு காண்பார்கள். ரேபிடில் நடந்தது கிளாசிக்கல் ரேட்டிங்கில் ஏறாது. சமபலம் உள்ள ஒருவரோடு இரண்டு டிரா செய்து, மறுநாள் ரேபிடில் அவரை ஊருக்கு அனுப்பினால், கிளாசிக்கல் கணக்கில் வரவு பூஜ்யம். வெளியேறியவருக்கும் நஷ்டம் பூஜ்யம். மாதத்தின் முதல் நாள் வரும் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இரண்டு நாளில் எதுவுமே நடக்கவில்லை.

வெய்க் ஆன் ஸேயில் கார்ல்சனை வென்று ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 23 வயதில், 2700-க்குச் சற்றுக் கீழே ஓர் எண்ணோடு, எசிபென்கோ கேண்டிடேட்ஸ் போட்டிக்கு முதல் முறையாகத் தகுதி பெற்றார். அந்த இடத்துக்கு எத்தனை புள்ளி என்று வாட்ஸ்அப் குழுவில் யாரும் இந்த முறை கேட்கவில்லை. குகேஷ் தோற்ற துக்கத்தில் இருந்தார்கள்.